பால்கோவாவுக்கு அப்புறம்?

நம் ஊரில் 'ஒரு நாள் டூர்' என்பதற்குத் தனி இலக்கணம் உண்டு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் என்று சொல்லப்பட்ட வேன் ஆறே முக்காலுக்குக் கிளம்பும். முன் சீட் இரண்டும் டூர் அமைப்பாளரின் மைத்துனர் குடும்பத்துக்கு ரிசர்வ். பின் சீட்டில் உட்கார்ந்தவர் சாயங்காலம் இறங்கும்போது இரண்டு அங்குலம் உயரம் குறைந்திருப்பார். எந்த ஊரில் நிறுத்தினாலும் அமைப்பாளருக்கு ஒரே வசனம்தான்.

"எல்லாரும் சீக்கிரம் பாத்துட்டு வந்துருங்க சார். கால் மணி நேரம்தான் டைம்!"

எதைப் பார்க்க வேண்டும், அதில் என்ன விசேஷம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால், "பெரிய கோயில் சார், ரொம்பப் பழசு" என்பார். எவ்வளவு பழசு? "அது இருக்கும் சார், ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம்." ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் நாற்பது தலைமுறை பிறந்து, கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு, செத்துப் போயிருக்கிறது. அவருக்கு அது வெறும் ரவுண்டிங் ஆஃப்.

கொடுத்த கால் மணியில் செருப்பு விடுகிற இடத்தில் ஐந்து நிமிஷம் போய்விடும். அர்ச்சனைத் தட்டு பேரத்தில் ஐந்து. பாக்கி ஐந்து நிமிஷத்தில் ஒரு தூண் மேல் சாய்ந்து செல்ஃபி. அந்தத் தூணைச் செதுக்கியவன் யார், ஏன் செதுக்கினான் என்பது தூணுக்குத்தான் வெளிச்சம். திங்கட்கிழமை ஆபீஸில் "டூர் எப்படி?" என்று கேட்டால், "சூப்பர் சார், வழியில ஒரு கடையில டீ நல்லா இருந்துச்சு" என்போம்.

குறை இடத்தில் இல்லை. டீக்கடையிலும் இல்லை. நடுவில் நின்று சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஆள் விவகாரம் எவ்வளவு பெரிய விவகாரம் என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவன் என் சித்தப்பா மகன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரி பாகக் கம்பெனியில் வேலை. 1996ல் ஹூண்டாய் அங்கே வந்து இறங்கி, 1998ல் சான்ட்ரோவை ஓட விட்டதிலிருந்து அந்த வட்டாரத்தில் கொரியா என்பது பக்கத்துத் தாலுகா மாதிரி ஆகிவிட்டது. பையனை டிரெயினிங் என்று மூன்று வாரம் கொரியாவுக்கு அனுப்பினார்கள்.

பையனுக்குச் சொந்த ஊர் மடவார் வளாகம். வட மாவட்டத்து வாசகர்கள் மேப்பைத் தேட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், 'ஊர் முடிஞ்சு போச்சு போல' என்று நினைக்கிற நேரத்தில் ஒரு பெரிய சிவன் கோயில் வருமே, அதுதான். விஷயம் தெரிந்தவர்கள் 'மடவார் விளாகம்' என்பார்கள். மடவார் என்றால் பெண்கள். விளாகம் என்றால் இடம். ஜனங்கள் வாயில் புரண்டு புரண்டு விளாகம் வளாகமாகி, இப்போது கலெக்டர் ஆபீஸ் வளாகம் மாதிரி ஒலிக்கிறது.

கொரியாவில் கிடைத்த ஒரே ஒரு லீவு நாளில் பையன் சியோல் நகரத்தில் 'ஒரு நாள் டூர்' டிக்கெட் வாங்கினான். பழைய அரண்மனையும் புது டவரும் ஒரே டிக்கெட்டில். காலையில் எட்டு மணி என்றால் எட்டு மணிக்கே வண்டி நகர்ந்துவிட்டதாம். "அங்கயே எனக்கு மயக்கம் வந்துருச்சுண்ணே" என்றான்.

முதலில் கியோங்போக்குங் அரண்மனை. 1395ல் கட்டியது. வாசலில் காலை பத்து மணிக்கு அந்தக் காலத்துக் காவலாளி உடுப்பில் ஆட்கள் வந்து, முரசு அடித்து, டியூட்டி மாற்றிக்கொள்கிறார்கள். நம் ஆபீஸில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் வரவில்லையே என்று புலம்புவோமே, அதையே கொஞ்சம் கலர் டிரஸ்ஸில் செய்கிறார்கள். ஹன்போக் என்ற அவர்களுடைய பாரம்பரிய உடையைப் போட்டுக்கொண்டு போனால் அரண்மனைக்கு டிக்கெட்டே கிடையாது. இலவசம் என்றால் விடுவோமா? பையனும் வாடகைக்கு ஒன்று எடுத்து மாட்டிக்கொண்டு போட்டோ அனுப்பினான். கல்யாண மாப்பிள்ளைக்கும் கட்டியங்காரனுக்கும் நடுவில் ஒரு தோற்றம்.

ஆனால் அவன் அசந்து போனது அரண்மனையைப் பார்த்து இல்லை. கையில் ஒரு சின்னக் கொடியும் காதில் மைக்குமாக முன்னால் நடந்த வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்து. இருபத்தைந்து வயசு இருக்குமாம். (இந்த இடத்தில் நான் அவனைச் சந்தேகமாகப் பார்த்தேன். "அட, அது இல்லண்ணே!" என்றான்.) அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்ட வேண்டுமானால் அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். நாம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டு வாங்குவோமே, அதைவிடக் கஷ்டமாம்.

அந்தப் பெண் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். 1592ல் ஜப்பான்காரன் படையெடுத்து வந்த சண்டையில் இந்த அரண்மனை எரிந்து போனது. சுமார் 270 வருஷம் சும்மா பாழடைந்து கிடந்தது. 1867ல் திரும்பக் கட்டினார்கள். 1910ல் ஜப்பான் நாட்டையே பிடித்துக்கொண்டு, பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, அரண்மனை வளாகத்துக்குள்ளேயே தன் பெரிய ஆபீஸ் கட்டடத்தை எழுப்பியது. விடுதலை கிடைத்து அரை நூற்றாண்டு கழித்து, 1995ல் அந்தக் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு அரண்மனையை ஒவ்வொரு பகுதியாக இன்னமும் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, இன்றைக்கு நாம் 'பழைய அரண்மனை' என்று வாயைப் பிளந்து பார்க்கிறதில் நிறைய, நம் வயசுக்கும் சின்னது.

மத்தியானம் சோறு. பிறகு ஒரு ஜின்செங் கடையில் கட்டாய நிறுத்தம். (கமிஷன் என்பது உலகப் பொதுமொழி.) அப்புறம் பழைய ஓட்டு வீட்டுத் தெருக்கள். சாயங்காலம் நம்சான் குன்றின் மேல் 236 மீட்டர் டவர். மேலே காதலர்கள் பூட்டுப் போட்டுச் சாவியைக் கடாசிவிட்டுப் போகிறார்களாம். திண்டுக்கல்காரர் யாராவது அங்கே கடை போடலாம்.

இறங்கி வரும்போதுதான் அது நடந்தது. வழிகாட்டிப் பெண் வண்டியில் இருந்த ஒவ்வொருவரிடமும், "உங்கள் ஊருக்கு நான் வந்தால் ஒரு நாளில் எனக்கு என்ன காட்டுவீர்கள்?" என்று கேட்டாள். இத்தாலிக்காரர் பத்து நிமிஷம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அடுத்து நம்மாள்.

"எங்க ஊர்ல ஒரு பால் ஸ்வீட் ரொம்ப ஃபேமஸ்" என்றானாம்.

"அப்படியா! ஸ்வீட் சாப்பிட்ட பிறகு?"

நம்மாள் கொஞ்சம் யோசித்தான். "இன்னொரு ஸ்வீட் சாப்பிடலாம்."

வண்டியே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று போனில் சொன்னான். "எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்தா கோயில் தெரியும்ணே. இருபத்தியாறு வருஷம் பாத்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. அவளுக்கு இடிஞ்ச அரண்மனையைப் பத்தி அரை நாள் பேசத் தெரியுது."

பி.காம்.மில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனால் சொத்து. ஒரு கடையை இன்னொருத்தர் விலைக்கு வாங்கும்போது மேஜை நாற்காலி மதிப்புக்கு மேல் கொடுக்கிற பணம் அதற்குத்தான். கொரியாக்காரர்களிடம் கட்டடம் போய்விட்டது, குட்வில் இருந்தது. அதை வைத்துக் கட்டடத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். நம்மிடம் கட்டடம் கம்பீரமாக நிற்கிறது. புத்தகத்தில் வரவே வைக்கவில்லை.

சரி, வரவு வைத்துப் பார்க்கலாம். அந்தப் பெண் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரண்டாவது சனிக்கிழமை. உங்களுக்கும் லீவு. மடவார் வளாகத்தில் ஆரம்பித்து ராஜபாளையத்தில் முடிகிற மாதிரி ஒரு நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரமே பதினைந்து கிலோமீட்டர் சுமாருக்குள் அடங்கிவிடும்.

காலை ஆறரை. மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில். சுவாமி பேரிலேயே வைத்தியர். பிரசவ வலியில் தவித்த ஒரு பக்தைக்கு, அவளுடைய அம்மா வந்து சேர முடியாதபோது, சிவபெருமானே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். மதுரையை 1623லிருந்து 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்று வலி இங்கே தீர்ந்தது என்றும் சொல்வார்கள். அதற்கு நன்றியாக, இங்கே உச்சிகால பூஜை முடிந்த பிறகுதான் மதுரையில் ராஜா சாப்பிடுவாராம். எழுபது கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற மதுரைக்குத் தகவல் எப்படிப் போகும்? வழி நெடுக மண்டபம் கட்டி, ஒவ்வொன்றிலும் நகரா முரசு வைத்தார்களாம். இங்கே அடித்தால் அடுத்த மண்டபத்தில் கேட்கும், அவன் அடிப்பான், அதற்கடுத்தவன் அடிப்பான். நெட்வொர்க் இல்லை என்ற பேச்சே கிடையாது. நடுவில் ஒருத்தன் தூங்கிவிட்டால் ராஜா பட்டினி. இந்த மண்டபங்கள் ஆண்டாள் கோயில் பூஜைக்காகக் கட்டியவை என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்லுவான். 'இது புராணம், இது வரலாறு, இது ஊர்ப் பேச்சு' என்று மூன்று தனி டப்பாவில் போட்டுக் கொடுப்பான்.

எட்டரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலை ராஜகோபுரம், சுமார் 192 அடி. வடபத்ரசாயி சன்னதிக்கு உரியது. நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு ஜாதிச் சான்றிதழிலும், வருமானச் சான்றிதழிலும், ரேஷன் கார்டிலும் ஒரு கோபுரம் இருக்குமே, அது இதுதான் என்பது பரவலான நம்பிக்கை. இல்லை, மதுரை மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் கட்சி கட்டுவார்கள். இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே வேனில் ஏற்றாமல் இருப்பது டூருக்கு நல்லது.

பன்னிரண்டு ஆழ்வார்களில் இரண்டு பேர் பிறந்த ஊர். அப்பா பெரியாழ்வார், மகள் ஆண்டாள். உள்ளே போனால் ஆண்டாள் கையில் ஒரு கிளி. வழிகாட்டி இங்கே ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும். அந்தக் கிளி சிலையில் இருக்கிற கிளி இல்லை. தினமும் பச்சை இலைகளை மடித்து, மாதுளம்பூவில் மூக்கு வைத்துப் புதுசாகச் செய்கிறது. நேற்றுச் செய்த கிளி இன்றைக்கு இல்லை. ஒரு நாள் கூட 'இன்னிக்கு ஸ்டாக் இல்ல' என்று சொல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்துக் கைகள் இதைச் செய்துகொண்டே இருக்கின்றன. 236 மீட்டர் டவரில் இதற்குச் சமமாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரை அழகருக்கும், புரட்டாசியில் திருப்பதி பெருமாளுக்கும் போகிறது. கூரியர் சர்வீஸ் வருவதற்கு முன்னாலிருந்தே டெலிவரி.

பதினொன்றரை மணி. பால்கோவா. பையன் சொன்னதில் தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். கடை வாசலில் நிற்காமல், பின்கட்டில் விறகடுப்பு எரிகிற இடத்துக்கு அழைத்துப் போகணும். பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. மற்றதெல்லாம் தோள்பட்டை. அகலமான இரும்புச் சட்டியில் பால் அடிப்பிடிக்காமல், நிறுத்தாமல் துழாவிக்கொண்டே இருக்கிற அந்த அனலில் பத்து நிமிஷம் நின்று பார்த்தவன், அப்புறம் கால் கிலோ விலையில் பேரம் பேச மாட்டான். 2019ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது வேறு ஊரில் செய்துவிட்டு 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று போர்டு போடக் கூடாது. சென்னையில் நிறைய போர்டுகளுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. நடுவில் ஒரு முரசு மண்டபக்காரன் தூங்கிவிட்டான் போல.

நேரமிருந்தால் 1875ல் ஆரம்பித்த பென்னிங்டன் நூலகத்தை எட்டிப் பார்க்கலாம். ஒன்றரை நூற்றாண்டாக ஒரு சின்ன ஊர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற இடம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கோயில் நடை சாத்திவிடுவார்கள். திறக்க நாலு மணி ஆகும். வழக்கமான டூரில் இந்த நாலு மணி நேரம்தான் மண்டபத்தில் துண்டு விரித்துப் படுக்கிற நேரம். நம் டூரில் இதுதான் 'நவீனம்'. பழசு காலையிலும் சாயங்காலமும். புதுசு நடை சாத்திய நேரத்தில். இவ்வளவு வசதியாக டைம்டேபிள் சியோலில்கூடக் கிடையாது.

பஸ் பிடித்தால் பதினொரு கிலோமீட்டர் சுமாரில் ராஜபாளையம். இங்கே டவர் கிடையாது. மில் உண்டு. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த ராஜபாளையம் மில்ஸ்தான் இந்த ஊர் முகத்தை மாற்றிய சங்கதி. மழையை நம்பிய ஊரில் சங்கு ஊதியது. நூற்பாலை என்றால் என்ன பெரிய அதிசயம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பனியன் பெட்டியிலும் சட்டைத் துணியிலும் 'நாற்பதாம் நம்பர் நூல்' என்பார்களே, அதற்கு அர்த்தம் உண்டு. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு பஞ்சில் நாற்பது சிட்டம் வந்தால் அது நாற்பதாம் நம்பர். நாற்பதை 840ஆல் பெருக்குங்கள்: 33,600 கஜம். முப்பது கிலோமீட்டருக்கு மேல்! அரைக் கிலோ கூட இல்லாத பஞ்சு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய், திரும்பி வந்து, மறுபடியும் ராஜபாளையம் எல்லையைத் தொடுகிற நீளத்துக்கு அறுந்து போகாமல் நூலாகிறது. இதை மெஷின் பக்கத்தில் நின்று ஒருத்தர் சொன்னால் எந்தப் பையனுக்கும் கண் விரியும். உல்சான் ஊரில் ஹூண்டாய் ஆலையைப் பார்க்க ஜனங்களை பஸ்ஸில் வைத்து அழைத்துப் போகிறார்கள். நம் மில் முதலாளிகளும் மாதத்தில் ஒரு நாள் கேட்டைத் திறந்து வைத்தால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

பக்கத்தில் சத்திரப்பட்டி. உங்கள் முழங்காலில் எப்போதாவது கட்டுப் போட்டிருந்தால் அந்தத் துணி இந்த ஊரில் நெய்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பேண்டேஜ் துணியின் ரகசியம், நெருக்கமாக நெய்யாமல் இருப்பது. இழைக்கு இழை இடைவெளி இருந்தால்தான் காற்றுப் போகும், ஈரத்தை உறிஞ்சும். தறியில் நெய்து, வெளுத்து, வெட்டி, சுருட்டிக் கப்பலேற்றுகிறார்கள். காலையில் வைத்தியநாதரைப் பார்த்தீர்கள், மத்தியானம் அவருடைய ஸ்டோர் ரூமைப் பார்க்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தளவாய்புரம். தமிழ்நாட்டுப் பெண்கள் வீட்டில் போட்டுக்கொள்கிற நைட்டிகளில் பெரும் பங்கு இங்கே தைப்பது. தேசிய உடை தயாராகிற இடம் என்றே போர்டு வைக்கலாம்.

ஊருக்குள் காந்தி கலை மன்றம். 1949லிருந்து 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தன் வீட்டையே அதற்குக் கொடுத்துவிட்டார். முதலமைச்சராக இருந்தவர் வீட்டைக் கொடுத்தார் என்றால், இக்காலத்துப் பயணிகள் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். வழிகாட்டி பொறுமையாக இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

கடைசியாக நாய். வெள்ளை வெளேர் என்று, ரோஸ் கலர் மூக்கோடு நிற்கிற ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால் துறை தபால்தலையே போட்டது. கொரியாவில் ஜிண்டோ என்றொரு நாட்டு நாய் இருக்கிறது. 1962லேயே அதை 53ஆம் எண் 'இயற்கை நினைவுச் சின்னம்' என்று அறிவித்து, 1967ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். நம் நாய்க்கும் அந்த யோக்கியதை உண்டு. குரைப்பதில் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நாலு மணிக்கு மேல் திரும்பலாம். மேற்கே மலை. அந்தக் காட்டில் 1988ல் சாம்பல் நிற அணிலுக்கு ஒரு சரணாலயம் வந்தது. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். உள்ளே போக அனுமதி வேண்டும். ரோட்டில் நின்று மலையைப் பார்க்க வேண்டாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு ராஜாவின் வயிற்று வலி, ஒரு இலைக் கிளி, முப்பது கிலோமீட்டர் நூல், ஒரு முதலமைச்சர் வீடு, ஒரு நாய், ஒரு புலி. பால்கோவா தனி. ஒரு நாளைக்கு இதற்கு மேல் எந்தக் கொரியாக்காரிக்கும் தாங்காது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சியோலில் அந்தப் பழைய ஓட்டு வீட்டுத் தெருக்கள் என்றேனே, புக்சோன் என்று பேர். அங்கே நிஜமான மனுஷர்கள் குடியிருக்கிறார்கள். டூரிஸ்ட் கூட்டம் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும், வாசல்படியில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதுமாக அவர்கள் நொந்து போய்விட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு பகுதிக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காலை பத்து மணி வரை டூரிஸ்ட் வரக் கூடாது என்று உத்தரவு. 2025 மார்ச்சிலிருந்து மீறினால் ஒரு லட்சம் வொன் அபராதம்.

ஆகவே நம் டூரில் இரண்டு பஸ் நிறைய ஆளைக் கொண்டு வந்து கொட்டக் கூடாது. பன்னிரண்டு பேர் போதும். தறியில் நிற்கிற அம்மாவைக் கேட்காமல் வீடியோ எடுக்கக் கூடாது. கோயில் மியூசியம் இல்லை. நாம் தூணைப் பார்க்கிற நேரத்தில் பக்கத்தில் ஒருத்தர் மகள் கல்யாணத்துக்காகக் கண்ணை மூடி நிற்பார். மைக் அங்கே வாயை மூட வேண்டும். இதையும் சொல்லித் தருகிறவன்தான் வழிகாட்டி.

அந்த ஆள் எங்கிருந்து வருவான்? தினமும் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று, டிகிரி முடித்த பையன்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறதே, அதில்தான் இருக்கிறான். சம்பளம் சென்னையில் இருக்கிறது, போகத்தான் வேண்டும். போகாதே என்று சொல்ல நான் யார்? ஊரிலேயே தங்கிவிட்ட பையன்களும் இருக்கிறார்கள். காலேஜ் முடித்து, டி.என்.பி.எஸ்.சி. எழுதிக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் பொது அறிவை மனப்பாடம் செய்துகொண்டு. பாபரின் தாத்தா பேர் தெரியும். பக்கத்துத் தெருக் கோபுரத்தின் உயரம் சிலபஸில் இல்லை.

அவர்களுக்கு இது முழுநேரச் சோறு போடும் என்று நான் புளுக மாட்டேன். சனி ஞாயிறு வருமானம். ஆனால் வருமானம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2020ல் ஆன்லைனிலேயே வழிகாட்டிப் பயிற்சியும் சான்றிதழும் தருகிற திட்டம் ஒன்று ஆரம்பித்தது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது சுலபம். நாற்பது பக்க நோட்டு ஒன்று. கோயில் அர்ச்சகர், பால்கோவா மாஸ்டர், ரிட்டயர் ஆன மில் தொழிலாளி, நாய் வளர்க்கிற தாத்தா. ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதினால் போதும். இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. கோபுரத்துக்கு வயசானால் கும்பாபிஷேகம் பண்ணலாம். அந்தத் தாத்தாவுக்குப் பண்ண முடியாது. கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று எழுதுவோமே, கதைகளுக்கும் அது உண்டு. வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு நாள் மொத்தமாக ரைட் ஆஃப் ஆகிவிடுகிறது.

மடவார் வளாகத்துக்காரர்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு கோயில், ஒரு தொழில், ஒரு தின்பண்டம், ஒரு தாத்தா நிச்சயம் உண்டு. 'எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல சார்' என்று யாராவது சொன்னால், ஊரில் இல்லை என்று அர்த்தமில்லை.

பி.கு.: மடவார் வளாகத்துப் பையன் இப்போது லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு நோட்டோடு அலைகிறான். இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறதாம். அதில் நாலு பக்கம் பால்கோவா.